என்ரை சாமிக்குத் துடக்கில்லை

"ஐயா, சேட்டைப் போடுங்கோ! இது கோயிலில்லை, கண் கிளினிக்!"

நேர்ஸ் பிள்ளை தொண்டை கிழியக் கத்துறா. ஆர் கேட்டது? எங்கடை ஊர்க் கிழவர்மாருக்கு அந்த வாசற்படியைக் கண்டவுடனை கை தன்ரை பாட்டிலை சேட்டுத் தெறிக்குப் போயிடும். கழட்டி மடிச்சுத் தோளிலை போட்டுக்கொண்டு, வெறும்மேலோடை வரிசையிலை நிக்கினம். ஒராள் தலையிலை குட்டித் தோப்புக்கரணமும் போட்டிட்டார். கண் பாக்க வந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார்.

அவையளிலையும் பிழையில்லை. எத்தினையோ தலைமுறையாய் அது பிள்ளையார் கோயில். கோப்பாய்க்கும் உரும்பிராய்க்கும் நடுவிலை, வெங்காயத் தோட்டங்களுக்குள்ளை, முருகைக்கல்லாலை கட்டின பழைய சின்னக் கோயில். பிறகு வெளிநாட்டிலை இருக்கிற ஊர்ப் பிள்ளையள் காசு அனுப்ப, றோட்டுக்கு அங்காலை பெரிய கோபுரத்தோடை புதுக்கோயில் எழும்பிச்சுது. ஐயர் முறைப்படி பிள்ளையாரைக் கும்பத்திலை இறக்கி, மேளதாளத்தோடை அங்கை கொண்டுபோய் இருத்தினார். பழசு வெறுமையாய்க் கிடந்தது. வௌவால் குடிவந்தது. இடிக்கிறதோ விடுறதோ எண்டு கோயில் சபையிலை கதிரை தூக்குமளவுக்குச் சண்டை. கடைசியிலை ஆரோ ஒரு புண்ணியவான், "இடிக்கிற பாவம் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைத்தாச்சியளுக்குக் குடுப்பம்" எண்டு சொல்ல, எல்லாரும் களைச்சுப் போய் ஓமெண்டிச்சினம். இப்ப அது ஊர்க் கிளினிக். காண்டாமணி தொங்கின கொளுக்கியிலை தராசு தொங்குது. அதிலை குழந்தையளைப் போட்டு நிறுக்கினம். மணியை விடச் சத்தம் கூட.

நான் வேதக்காரி. எங்கடை பக்கத்திலை கிறிஸ்தவர்களை அப்பிடித்தான் சொல்லுறது. தேவாலயத்திலை ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவிலை நிண்டு பாடிக்கொண்டு திரிஞ்ச நான், காதல் கத்தரிக்காய் எண்டு சைவ வீட்டுக்குள்ளை வந்து விழுந்தனான். பழைய கோயிலுக்குள்ளை அண்டைக்கு நான் போய் நிண்டதுக்குக் காரணம் என்ரை மாமி, என்ரை மனுசன்ரை தாய்.

மாமிக்குக் கண்ணிலை வெள்ளை படரத் தொடங்கி ரெண்டு வருசமாச்சு. கேட்டால், "எனக்கென்ன, எல்லாம் வடிவாய்த் தெரியுது" எண்டுவா. ஒருநாள் சம்பலுக்கு உப்பெண்டு சீனியைப் போட்டா. என்ரை மனுசன் மூச்சு விடாமல் சாப்பிட்டு எழும்பினார். நல்ல பிள்ளை. நான் அவ்வளவு நல்ல பிள்ளையில்லை, "மாமி, இது சம்பலோ, தொதலோ?" எண்டு கேட்டன். அதுக்கும் மாமி, "இனிப்புப் பிடிக்காதவை ஆர் இந்த வீட்டிலை" எண்டு சமாளிச்சிட்டா.

ஆனால் போன வருசத் திருவிழாவைச் சமாளிக்க ஏலாமல் போச்சு. பின்னேரம் சாமி வெளிவீதி வாற நேரம். மாமி சனத்தை இடிச்சுக்கொண்டு முன்வரிசையிலை போய் நிண்டா. கலர்கலராய் லைற்றுப் பூட்டி, பாட்டும் கூத்துமாய் ஒண்டு அசைஞ்சசைஞ்சு வந்தது. மாமி ரெண்டு கையையும் தலைக்கு மேலை குவிச்சு, "அப்பனே, பிள்ளையாரே!" எண்டு கண்ணீர் வடியக் கும்பிட்டா. வந்தது ஐஸ்கிறீம் வான். வான்காரன் பாவம், என்ன செய்யிறதெண்டு தெரியாமல் தானும் திருப்பிக் கும்பிட்டான்.

சனம் சிரிச்ச சிரிப்பு! மாமியும் சிரிச்சா, எல்லாரையும் விடக் கூடச் சிரிச்சா. வீட்டை வந்து சாமியறைக் கதவைச் சாத்திப்போட்டு அழுதா. நான் தேத்தண்ணியோடை போய்க் கதவைத் தட்டினன்.

"பிள்ளை, சாமி எது, வான் எது எண்டு தெரியாத கண் எனக்கு என்னத்துக்கு?" எண்டா. "வாற வருசம் ஒருக்கால் அவரின்ரை முகத்தைக் கண்ணாரப் பாத்திட்டால் காணும். பிறகு போறது போகட்டும்."

அதாலைதான் பட்டணத்திலை இருந்து கண் டொக்டர்மார் ஒரு சனிக்கிழமை எங்கடை கிளினிக்குக்கு வருகினம் எண்டு கேள்விப்பட்டவுடனை, நான் முதல் ஆளாய் மாமியின்ரை பேரைக் குடுத்தன். அண்டைக்குப் பாத்து எழுதிற ஆக்களுக்குத்தான் திருவிழாவுக்கு முன்னம் ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசனுக்கு நாள் கிடைக்கும். விட்டால் அடுத்தது எப்பவெண்டு ஆருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை விடியப்பறம் ரெலிபோன் அடிச்சுது. ரொறொன்ரோவிலை இருந்து. செத்துப்போன என்ரை மாமாவுக்கு ஒண்டுவிட்ட தம்பி ஒருத்தர் அங்கை இருந்தவர், அவர் போயிட்டாராம். நான் அவரைக் கண்டதேயில்லை. மாமியும் கன வருசமாய்க் காணேல்லை. ஆனால் பங்காளி பங்காளிதான். பங்காளி வீட்டிலை சாவெண்டால் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும், ஒரு மாதம், எங்களுக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. இந்தத் துடக்கு பிளேன் ஏறாமலே கடல் தாண்டி வரும், விசாவும் கேக்காது.

மாமி ரெலிபோனை வைச்சிட்டுச் சொன்னா, "பிள்ளை, இண்டைக்குக் கண் பாக்கிற கதை சரிவராது."

நான் என்ரை மனுசனைப் பாத்தன். அவர் மண்வெட்டியைத் தூக்கினார். "வெங்காயத்துக்குத் தண்ணி மாற வேணும்" எண்டுகொண்டு ஆள் மாறிட்டார். ஆம்பிளையளுக்கு இப்பிடியான நேரத்திலைதான் வெங்காயத்திலை பாசம் பொங்கும்.

"மாமி, அது இப்ப கோயிலில்லை, கிளினிக்."

"எனக்குக் கோயில்."

"பிள்ளையார் றோட்டுக்கு அங்காலை போயிட்டாரே."

"அவர் போனவர்தான். நான் அங்கை நிண்டு அழுதது, நேர்ந்தது, என்ரை கழுத்திலை தாலி ஏறினது, இதெல்லாத்தையும் ஐயர் கும்பத்திலை அள்ளிக்கொண்டு போனவரோ?"

ஒரு மணித்தியாலம் கெஞ்சின பிறகு, "வாசல் மட்டும் வாறன். டொக்டர் வெளியிலை வந்து பாக்கட்டும்" எண்டு இறங்கி வந்தா. அதுவே பெரிசெண்டு ஸ்கூட்டியிலை பின்னுக்கு ஏத்திக்கொண்டு பறந்தன்.

மாமியை வாசலுக்கு வெளியிலை மருதமரத்துக்குக் கீழை இருத்திப்போட்டு நான் உள்ளுக்கை போனன். அப்பதான் அந்தச் சேட்டுக் கூத்தெல்லாம் பாத்தது. சிரிச்சுக்கொண்டு போன எனக்கு உள்ளுக்கை போகச் சிரிப்பு நிண்டிட்டுது. கண்ணுக்குள்ளை வெளிச்சம் அடிச்சுப் பாக்கிறதுக்கு இருட்டறை வேணுமாம். அந்தக் கட்டிடத்திலை சன்னல் இல்லாத அறை ஒண்டே ஒண்டுதான் இருக்கு, மூலஸ்தானம். பிள்ளையாரின்ரை பீடம் இருந்த இடத்திலை சீமெந்து பூசி, அதுக்கு மேலை ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கண் பாக்க வாற ஆள் அதிலைதான் இருக்க வேணும்.

ஆண்டவரே! வேதக்காரி நானே அந்த வாசலிலை நிண்டிட்டன். அந்த அறைக்குள்ளை ஐயரைத் தவிர வேறை ஆரும் கால் வைச்சதில்லை. துடக்கோடை வாசலே மிதிக்க மாட்டன் எண்டு நிக்கிற மனுசியைக் கொண்டுபோய்ப் பிள்ளையாரின்ரை ஆசனத்திலை இருத்த வேணும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்சுது எண்டு சொல்லுவினம். நான் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரிலை முட்டுப்பட்டு நிக்கிறன்.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. நெற்றியிலை கட்டின லைற்றோடை வெளியிலை வந்து தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டா. மெல்லமாய்க் கேட்டுப் பாத்தன், "டொக்டர், மாமி மரத்தடியிலை நிக்கிறா. துடக்கெண்டு உள்ளுக்கை வாறா இல்லை. ஒருக்கால் அங்கை வந்து பாக்க ஏலாதோ?"

"வெயிலுக்கை பாத்தால் ஒண்டும் தெரியாது அன்ரி. இருட்டு வேணும். எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மத்தியானத்தோடை நாங்கள் வெளிக்கிட்டிடுவம்."

திரும்பி வந்து மாமியிட்டை எல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னன், கதிரை எங்கை போட்டிருக்கெண்டதையும் சேர்த்து. மாமி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டா.

"சிவசிவா! அவர் இருந்த இடத்திலை நானோ? அதுகும் துடக்கோடையோ? கண் போனாலும் பரவாயில்லை. வா, வீட்டை போவம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "அப்ப இந்த வருசமும் ஐஸ்கிறீம் வானைக் கும்பிடப் போறியளோ?" எண்டு கேட்டிட்டன். மாமி சீலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைச்சா. எனக்கு என்ரை வாயிலையே ஒண்டு போடவேணும் போலை கிடந்தது.

அந்த நேரம் சளக்குச் சளக்கெண்டு செருப்புச் சத்தம். பாத்தால் எங்கடை ஐயர். அவருக்கும் கண் மங்கல், பாக்க வாறார். ஓடிப்போய் மறிச்சன். "ஐயா, நீங்களே இவவுக்குச் சொல்லுங்கோ, இதுக்குள்ளை துடக்கோடை போகலாமோ, கூடாதோ?"

ஐயர் தொண்டையைச் செருமினார். "அம்மா, முறைப்படி கிரியை செய்து அவரை அங்கை எழுந்தருளப் பண்ணியாச்சு. உது இப்ப வெறுங்கட்டிடம். துடக்கு ஒண்டும் உதுக்கில்லை. தாராளமாய்ப் போங்கோ."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடான் எண்டுவினம். இஞ்சை பூசாரியே வரம் குடுத்திட்டார்! நான் மாமியின்ரை கையைப் பிடிச்சு எழுப்பப் போனன்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டோ?" எண்டா மாமி. "தூரத்திலை இருந்து சத்தம் கேட்டுக்கொண்டு வந்த உங்கடை செருப்பு, வாசலடியிலை ஏன் நிண்டது?"

கண்தான் மங்கல். காது பாம்புக்காது. நானும் ஐயரும் ஒண்டாய்க் குனிஞ்சு அவரின்ரை காலைப் பாத்தம். வெறுங்கால். செருப்பு ரெண்டும் வாசலுக்கு வெளியிலை, பக்குவமாய்ச் சோடி சேர்த்துக் கழட்டி வைச்சுக் கிடக்கு.

"அது... பழக்கம், அம்மா."

"எனக்கும் பழக்கம்தான் ஐயா."

ஐயர் சத்தம்போடாமல் உள்ளுக்கை நழுவிட்டார். நான் மாமிக்குப் பக்கத்திலை வேரிலை குந்தினன். கோபமெல்லாம் போயிட்டுது. கண்ணுக்காகச் சாமியை விடமாட்டன் எண்டு நிக்கிற மனுசி, கண் கேக்கிறதே அந்தச் சாமியைப் பாக்கத்தான். இந்த முடிச்சை எந்தப் பக்கத்தாலை அவிழ்க்கிறது?

அப்பதான் மாமா செத்த கிழமை ஞாபகம் வந்தது. மருமகள் எண்டபடியால் எனக்கும் அப்ப துடக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போறதோ விடுறதோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிக்க, மாமிதான், அந்தத் துக்கத்துக்குள்ளையும், "போட்டு வா பிள்ளை. உன்ரை சாமிக்குத் துடக்கில்லை. அவர் செத்தவீட்டுக்கெல்லாம் தானாய்ப் போய் வந்த மனுசனெல்லோ" எண்டு சொல்லி அனுப்பினா. நான் எப்பவோ சொன்ன வேதக்கதையை ஞாபகம் வைச்சிருந்திருக்கிறா.

"மாமி," எண்டன், "என்ரை சாமிக்குத் துடக்கில்லை எண்டு சொன்னனீங்கள்தானே?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"மத்தியானம் மட்டும் உதை என்ரை சாமியின்ரை வீடெண்டு வைச்சுக்கொள்ளுவமோ? வெறுமையாய்த்தானே கிடக்கு."

மாமி திரும்பி என்ரை குரல் வந்த பக்கம் பாத்தா. பகிடி விடுறனோ எண்டு பாத்திருப்பா. நான் பகிடி விடேல்லை.

"பிள்ளையார் கோவிக்க மாட்டாரோ?"

"அவர்தான் புதுவீட்டிலை குடியிருக்கிறாரே. பழைய வீட்டிலை அயலட்டை ஆள் ஒராள் கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போனால் கோவிக்கிற சாதியே அவர்?"

"உன்ரை சாமி அதுக்கு ஓமெண்டுவாரோ?"

"அவர் மாட்டுத் தொழுவத்திலை பிறந்தவர் மாமி. இடமெண்டு ஒண்டு கிடைச்சால் காணும் அவருக்கு."

மாமி களுக்கெண்டு சிரிச்சிட்டா. பிறகு எழும்பிச் சீலையை உதறினா. தலைப்பை இழுத்து முக்காடு போட்டா. எங்கடை கலியாணத்திலை என்ரை பெரியம்மாமார் போட்டதைக் கண்டு வைச்சிருந்தவ. செருப்பையும் கழட்டினா.

"என்ரை சாமி செருப்புக்கு ஒண்டும் சொல்ல மாட்டார்."

"நீ வாயை மூடிக்கொண்டு வா. உங்கடை கோயிலுக்குள்ளை போகேக்கை என்ன சொல்லுறது?"

"ஒண்டும் தேவையில்லை. சும்மா வாங்கோ."

"சும்மா எப்பிடிப் போறது? மரியாதையில்லையோ?"

"அப்ப, தோத்திரம் ஆண்டவரே எண்டு சொல்லுங்கோ."

"தோத்திரமோ?" மாமி நிண்டிட்டா. "அது எங்கடை சொல்லெல்லோ! எங்களிட்டை எடுத்ததோ அது?" பிறகு, பெரிய பாரம் ஒண்டு இறங்கின ஆள் மாதிரி, "தோத்திரம், தோத்திரம்" எண்டு சொல்லிக்கொண்டு வலக்காலை எடுத்து வாசற்படியைத் தாண்டினா.

தராசிலை கத்திற குழந்தையையும், சேட்டில்லாத கிழவர்மாரையும் தாண்டிப் போனம். மூலஸ்தான வாசலிலை என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா. உள்ளுக்கை இன்னும் எண்ணெய் மணம். சுவரெல்லாம் விளக்குக் கரி. மாமி கதிரையின்ரை நுனியிலை, இருந்தும் இராமலும் இருந்தா.

"பின்னுக்குச் சாய்ஞ்சு இருங்கோ அம்மா" எண்டா டொக்டர்.

"இது காணும் பிள்ளை."

லைற்றை நிப்பாட்டிச்சினம். கும்மிருட்டு. டொக்டர் கையிலை ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் எழும்பி, மாமியின்ரை முகத்துக்குக் கிட்ட மெல்ல மெல்ல வந்தது.

"வெளிச்சம் தெரியுதோ அம்மா?"

"தெரியுது" எண்ட மாமியின்ரை கை ரெண்டும் தன்பாட்டிலை மேலை எழும்பிக் குவிஞ்சுது.

"கையைக் கீழை விடுங்கோ அம்மா, கண்ணை மறைக்குது."

"விடுறன் பிள்ளை" எண்டா. விடேல்லை. நான்தான் ரெண்டையும் பிடிச்சு மடியிலை வைச்சு அமத்திக்கொண்டு இருந்தன். நானும் செபிச்சன். ஆரிட்டை எண்டு கேக்காதேங்கோ. அந்த இருட்டுக்கை விலாசம் பாத்து அனுப்ப ஏலாது.

"நல்லாய் முத்திப்போச்சு. கெதியாய்ச் செய்யலாம், பயப்பிடாதேங்கோ" எண்டு டொக்டர் துண்டு எழுதித் தந்தா.

வெளியிலை வரேக்கை மாமி பின்பக்கமாய் நடந்து வந்தா, அந்த வெறுஞ்சுவருக்கு முதுகு காட்டாமல். "என்ரை சாமிக்கு முதுகு காட்டலாம் மாமி" எண்டு காதுக்குள்ளை சொன்னன். "எனக்குத் தெரியும், பேசாமல் வா" எண்டா.

வீட்டை வந்து பாத்தால் மாமியின்ரை காலிலை ஐயரின்ரை செருப்பு! "ஐயோ, இனி இதுக்கு என்ன பிராயச்சித்தம்" எண்டு மாமி தலையிலை கைவைக்க, நான் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினன். ஐயர் மருதமரத்துக்குக் கீழை, பூப்போட்ட பொம்பிளைச் செருப்பு ஒரு சோடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு ஆராய்ஞ்சுகொண்டு இருந்தார்.

பட்டணத்து ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன் முடிஞ்சு, அடுத்தநாள் கட்டை அவிழ்த்திச்சினம். மாமி முதல் பாத்தது என்னைத்தான், நான்தானே முன்னுக்கு நிண்டனான். கனநேரம் பாத்தா. கையை நீட்டி என்ரை காதோரத்துத் தலைமயிரைத் தடவினா.

"எப்ப பிள்ளை உனக்கு இவ்வளவு நரைச்சது?"

"ரெண்டு வருசமாய்த்தான் மாமி."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே" எண்டா. தண்ணிப்போத்தலை எடுக்கிற மாதிரித் திரும்பி நிண்டன்.

திருவிழா வந்தது. அந்தியேட்டி முடிஞ்சு துடக்கும் கழிஞ்சிட்டுது. மாமி பட்டுச்சீலையோடை முன்வரிசையிலை நிண்டா. தூரத்திலை கலர் லைற்று அசைஞ்சு வந்தது. "மாமி, வாறார், கும்பிடுங்கோ" எண்டு இடிச்சன். என்ரை கையிலை ஒண்டு போட்டா. "போடி, அது வான். ஐஸ்கிறீம் எண்டு எழுதிக் கிடக்கு."

அதுக்குப் பின்னாலை பிள்ளையார் வந்தார். மாமி கும்பிடவே மறந்து போனா. வாய் திறந்தபடி பாத்துக்கொண்டே நிண்டா. சாமி எங்களுக்கு நேரை வந்து நிண்டது. "தும்பிக்கையிலை பூவைச் சரிச்சு வைச்சிருக்கினம்" எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. ஒரு பூ சரிஞ்சு கிடக்கிறது தெரிஞ்ச சந்தோசம் அவவுக்கு. வேதக்காரி எனக்கு அதிலை என்ன கிடக்கு? நானும் விம்மி விம்மி அழுதன்.

சாமி மூலை திரும்பினாப் பிறகு மாமி முகத்தைத் துடைச்சுக்கொண்டு சொன்னா, "அந்த வானிலை ஐஸ்கிறீம் வாங்கு பிள்ளை. போன வருசம் அவரையும் மனசாரக் கும்பிட்டனான். பிரசாதம் வாங்காமல் போகப்படாது. மூண்டாய் வாங்கு."

"மூண்டாவது ஆருக்கு மாமி?"

"உன்ரை சாமிக்கு. அண்டைக்கு வந்து இருந்தவருக்கு நாங்கள் ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லை."

உருகிறதுக்கு முன்னம் அவரின்ரை பங்கையும் நான்தான் சாப்பிட்டன்.